பொன்னுருக்குக்கு மறுநாள்

பொன்னுருக்குக்கு மறுநாள் காலையில் தங்கச்சிக்குக் கண்ணில் மருந்து விடப் போனபோதுதான் அந்தச் சிவப்பைக் கண்டேன். வலக் கண்ணில், கருவிழியும் வெள்ளையும் சந்திக்கிற வளையத்தின் மேற்பக்கத்தில், நூல் நூலாகச் சிவந்திருந்தது. நித்திரை இல்லாவிட்டால் முழுக் கண்ணும் சிவக்கும். இது அப்படியில்லை. என் கண்ணிலிருந்து எடுத்துத் தைத்த இடம் மட்டும் சிவந்திருந்தது.

"யது, நோகுதோ?"

"இல்லை."

"வெளிச்சம் கூசுதோ?"

"கொஞ்சம்."

"எப்ப இருந்து?"

அவள் யன்னல் சீலையை இழுத்துவிடச் சொன்னாள்.

யதுஷாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கலியாணம். மாப்பிள்ளை கஜீவன் மெல்பேணில் வேலை செய்கிறவன். தாயோடு வந்து கல்கிசையில் தன் சித்தி வீட்டில் தங்கியிருந்தான். அங்கேதான் முந்தின நாள் நகை செய்கிற பத்தரைக் கூப்பிட்டுத் தாலிக்குப் பொன்னுருக்கினார்கள். எங்கள் ஆட்களில் பொன்னுருக்கிவிட்டால் பொம்பிளையும் மாப்பிள்ளையும் தாலி கட்டுமட்டும் வீட்டுப் படி இறங்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. இறங்கினால் என்ன நடக்கும் என்று கேளுங்கள், ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கையொன்றில், ஐந்தாம் மாடியில். கலியாணத்துக்குக் கன்னிக்கால் நட நிலம் ஏது? அப்பா பெயின்ற் வாளிக்குள் மண் நிரப்பி முள்முருக்கந் தடியைப் பல்கணியில் நட்டு வைத்திருந்தார். சாஸ்திரம் என்று வந்துவிட்டால் எங்களுக்கு வாளியும் வளவுதான்.

என் பெயர் மிதுனா. காப்புறுதிக் கம்பனியொன்றில் வேலை. யதுவுக்கு ஏழு வயது மூத்தவள். அவளுடைய வலக் கண்ணில் பார்வை இருக்கிறதென்றால் அது என்னிடமிருந்து போனது. பெருமைக்குச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் மிச்சக் கதை விளங்காது.

சில வருடங்களுக்கு முன் குசினியில் பாத்திரம் கழுவுகிற தொட்டி அடைத்துக்கொண்டது. யது கோஸ்டிக் சோடாவை வாங்கிவந்து குழாய்க்குள் கொட்டி, அதன்மேல் கொதிதண்ணீரையும் ஊற்றிவிட்டு, போகிறதா என்று குனிந்து பார்த்தாள். அது பொங்கி முகத்தில் அடித்தது. இடக் கண் அரைகுறையாகத் தப்பியது. வலக் கண்ணின் கருவிழியை வெள்ளைத் தோல் வந்து மூடிக்கொண்டது.

அம்மா விசாரித்துப் பிடித்தது கொட்டாஞ்சேனையில் ஒரு கண் கிளினிக். ஏன் கொட்டாஞ்சேனை என்றால், வெள்ளவத்தையில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வரிசையில் முன்னுக்கு ஒரு தெரிந்த முகம் இருக்கும், பின்னுக்கு இரண்டு இருக்கும். கொட்டாஞ்சேனையில் எங்களை ஆருக்குத் தெரியும்? அங்கே இருந்த டொக்டர் சிங்களப் பெண்மணி, ஆங்கிலத்தில் ஆறுதலாக விளங்கப்படுத்துவார். நேர்ஸ் செலீன் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவள், அதைத் தமிழில் அம்மாவுக்குத் திரும்பச் சொல்லுவாள்.

கருவிழிக்கு மேல் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய தோல் இருக்கிறதாம். அது நாளும் தேய்கிறது, நாளும் புதிதாக வளர்கிறது. அதை வளர்க்கிற ஸ்டெம் செல்கள் கருவிழியைச் சுற்றியுள்ள வளையத்தில் இருக்கின்றன. யதுவின் வளையம் வெந்துபோய்விட்டது. செத்தவர்களின் கருவிழியை எடுத்து வைத்தால் என்ன, இந்த நாட்டில் கண் தானத்துக்குக் குறைவில்லையே என்று அப்பா கேட்டார். வைத்தாலும் அதன்மேல் தோல் வளராது, கொஞ்ச நாளில் அதுவும் மங்கிவிடும் என்றார் டொக்டர். மொட்டைமாடித் தொட்டி காய்ந்து கிடக்கும்போது வீட்டுக் குழாயை மாற்றி என்ன செய்ய என்று எனக்கு விளங்கியது. அவளுடைய மற்றக் கண்ணிலும் எடுப்பதற்கு மிச்சமில்லை. கூடப் பிறந்தவர்களிடம் எடுத்தால் நல்லது என்றார். கூடப் பிறந்தது நான் ஒருத்திதான்.

என் இடக் கண்ணில் மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு எடுத்தார்கள். நகம் வெட்டினால் விழுமே, அந்த அளவுதான். கண்ணை ஊசி போட்டு விறைக்க வைத்திருந்ததால் கத்தி அசைவது தெரிந்தது, நோகவில்லை. அவற்றை யதுவின் கண்ணில் தைத்து, மேலே பிள்ளைப்பேற்றின்போது கிடைக்கிற சவ்வை ஒட்டி மூடினார்கள். அடுத்த வருடம் யாரோ ஒரு புண்ணியவானின் கருவிழியையும் வைத்தார்கள். ஒரு நாள் காலி வீதியில் நின்று யது பஸ் நம்பரை வாசித்தாள். அம்மா தெருவிலேயே அழுதுவிட்டா.

ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. என்னுடையது அவளுடைய உடம்புக்குப் பிறத்தியார் பொருள். உடம்பு அதைத் தள்ளிவிடத்தான் பார்க்கும். தள்ளாமலிருக்க நாளும் விழுங்கக் குளிசை. ஒரு நாளும் விடக் கூடாது. அப்படியிருந்தும் கண் சிவந்தால், கூசினால், மங்கினால், அன்றைக்கே வரவேண்டும். நாளைக்கு என்று வைக்கக் கூடாது. செலீன் இதை அம்மாவுக்கு மூன்று தரம் சொன்னாள். அம்மா மூன்று தரமும் தலையாட்டினா.

என்னுடைய கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கடல்காற்று பட்டால் இடக் கண்ணில் தண்ணீர் வரும், அவ்வளவுதான். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர்கள் அழுகிறேன் என்று நினைத்து மற்றப் பக்கம் பார்ப்பார்கள்.

அந்தக் காலத்தில் எனக்கும் ஒரு இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். சயந்தன் என்று பெயர், வங்கியில் வேலை. சாதகம் பொருந்தியது. இரண்டு மூன்று தரம் வெளியில் சந்தித்துக் கதைத்தோம். எனக்குப் பிடித்திருந்தது, நன்றாகவே பிடித்திருந்தது. பொம்பிளை பார்க்க வந்த அன்று சயந்தனின் தாய் என் கண்ணைப் பார்த்து, ஏன் பிள்ளை தண்ணி வருது என்று கேட்டா. தங்கச்சிக்குக் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தனான் மாமி என்றேன். உள்ளதைத்தானே சொன்னேன். அவ என் கையைப் பிடித்து, எவ்வளவு பெரிய மனம் என்றா. அடுத்த கிழமை சாதகம் பொருந்தவில்லை என்று ஆள் வந்தது. பொருந்தின சாதகம் எப்படி ஒரு கிழமையில் பொருந்தாமல் போகும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சயந்தன் போன் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு எனக்குள் ஏதோ விறைத்துப்போனது. கண்ணின் விறைப்பு வெட்டின அன்று பின்னேரமே விட்டது, இது விடவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், தேத்தண்ணி குடித்தேன்.

அம்மா அதிலிருந்து ஒரு பாடம் படித்தா. என்னை ஏசவில்லை. "உன்ர வாய்தான் பிள்ளை," என்று மட்டும் சொன்னா. யதுவுக்குக் கஜீவனைப் பேசத் தொடங்கின நாளில் வீட்டுக்குள் ஒரு கட்டளை வந்தது. கண் என்ற சொல்லையே ஒருவரும் எடுக்கக் கூடாது. குளிசைகள் வைற்றமின் போத்தலுக்குள் போயின. கண்ணுக்கு விடும் மருந்து, பிரிட்ஜில் மரக்கறிக்குக் கீழே. கஜீவனின் தாய் எங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து, "பிள்ளைக்கு ஒண்டும் இல்லைதானே?" என்று நேராகவே கேட்டா. "கடவுளே எண்டு ஒண்டும் இல்லை," என்றா அம்மா. அப்பா பேப்பரைப் பார்த்தார். நான் பலகாரத் தட்டை நீட்டினேன்.

கலியாணம் முடிந்து மெல்பேணுக்குப் போனபிறகு மெல்லச் சொல்லலாம் என்று யது நினைத்திருந்தாள். அவளுக்குக் கஜீவனில் விருப்பம். போனில் கதைக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நான் வெளியில் நின்று கேட்டிருக்கிறேன். எரிச்சல் வரவில்லை. சந்தோசமும் வரவில்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

இப்போது அந்தச் சிவப்பு.

குசினியில் அம்மா பயத்தம் பணியாரத்தை எண்ணி எண்ணிப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தா. சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தா.

"கண்ணூறு. நேற்றுக் கன்னிக்காலுக்கு வந்ததுகளின்ர பார்வை அப்பிடி. கழிச்சுவிட்டால் போகும்."

"அம்மா, இது தள்ளுறதின்ர அடையாளம். டொக்டர் சொன்னது ஞாபகம் இல்லையோ?"

"குளிசை போட்டால் ஏன் தள்ளுது?"

கேட்டுவிட்டு அவ என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வைற்றமின் போத்தலைத் தேடினேன். அலுமாரியில் இல்லை. யதுவிடம் கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"அது பிள்ளைத்தாச்சிக்குக் கூடாதாம்," என்றா அம்மா. "செலீன் சொன்னவள்தானே. அந்தக் குளிசையோட பிள்ளை தங்கக் கூடாது எண்டு. அதுதான் ரெண்டு கிழமையா நிப்பாட்டி வைச்சிருக்கிறன். கலியாணம் கட்டுற பிள்ளை."

செலீன் சொன்னது உண்மை. கலியாணம் நிச்சயமானால் வந்து சொல்லுங்கோ, பிள்ளைக்கு யோசிக்க முதல் வேறு குளிசைக்கு மாற்றவேண்டும், நாங்கள் பார்த்து மாற்றுவோம் என்றாள். அம்மாவுக்கு அதில் பாதிதான் காதில் ஏறியிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபமும் எங்கேயோ அடுத்த ஃபிளற்றில் யாரோ சத்தம் போடுவதுபோல் தூரத்தில் கேட்டது.

கிளினிக்குக்குப் போன் எடுத்தேன். செலீன்தான் எடுத்தாள். விசயத்தைச் சொன்னேன்.

"மிஸ், இப்பவே கூட்டிட்டு வாங்க."

"வீட்டில இருந்து ஏதாவது மருந்து கூட்டி விடலாமோ? ஃபோட்டோ எடுத்து அனுப்பட்டோ?"

அவள் டொக்டரிடம் கேட்டுவிட்டு வந்தாள். "ஃபோட்டோவில தெரியாதாம் மிஸ். தள்ளுறதா இருக்கலாம், கிருமியாவும் இருக்கலாம். ஒண்டுக்குக் குடுக்கிற மருந்து மத்ததுக்கு விஷம். மெஷின்ல வச்சுப் பாக்கணும். இண்டைக்கே வரச் சொன்னாங்க."

அம்மா வாசல் கதவில் சாய்ந்துகொண்டு நின்றா. பூட்டவில்லை. சாய்ந்து மட்டும் நின்றா.

"பொன்னுருக்கின பொம்பிளை கொட்டாஞ்சேனைக்குப் போறதோ? கீழ வோச்சர் பாப்பான், முன்வீட்டுச் சனம் பாக்கும். கதை கல்கிசைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம்? எங்க போனவ, என்னத்துக்குப் போனவ எண்டு கேட்டால் என்ன சொல்லுறது? ஞாயிற்றுக்கிழமை தாலி ஏறட்டும். திங்கட்கிழமை நானே கூட்டிக்கொண்டு போறன்."

"திங்கட்கிழமை அந்தக் கண் இராது."

"விசர்க் கதை கதையாதை."

நான் யதுவைப் பார்த்தேன். அவள் கட்டிலில் இருந்து, இடக் கையால் வலக் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அம்மா சொல்லுறதுதான் சரி. இந்தக் கொஞ்ச நாள்தானே."

"யது, கண் போயிரும்."

"போனால் போகட்டும். மற்றக் கண் இருக்குதானே. என்ர கலியாணம் நிண்டுபோனால் என்ன செய்யிறது? உனக்கு நிண்ட மாதிரி?"

கடைசி வசனத்தைச் சொன்னபிறகு அவளே தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா செத்தல் மிளகாயும் உப்பும் எடுக்கக் குசினிக்குப் போனா. அப்பா சாய்மனைக் கதிரையில் இருந்தார். முகத்துக்கு முன் பேப்பர், அதுவும் நேற்றைய பேப்பர்.

நான் யோசித்தது இவ்வளவுதான். இவர்கள் போகாமல் இருப்பது கல்கிசைக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில். கல்கிசைக்குத் தெரிந்துவிட்டால் பயப்பட ஒன்றும் மிஞ்சாது. போகாமல் இருக்கக் காரணமும் மிஞ்சாது. செருப்பைப் போட்டேன். கடைக்குப் போய்ட்டு வாறன் என்றேன். மிளகாய் கருகுகிற மணம் படிவரை வந்தது.

காலி வீதியில் கல்கிசைப் பஸ்ஸில் யன்னல் பக்கம் இடம் கிடைத்தது. தெகிவளைப் பாலம் தாண்டினபிறகு காற்று அடித்தது, இடக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்தேன். சயந்தனை நினைத்தேன், அவன் முகம் சரியாக ஞாபகம் வரவில்லை. யதுவின் கலியாணத்தை நினைக்கப் பார்த்தேன். அதுவும் வரவில்லை. மனதில் வந்ததெல்லாம் அந்த இரண்டு துண்டுகள்தான். நகமளவுத் துண்டு இரண்டு, அந்தச் சிவப்புக்குள் கிடக்கின்றன. என்னிடமிருந்து எடுத்துப் பிறத்தியார் வீட்டில் விட்ட பிள்ளைகளைப்போல. அதுகளைச் சாக விடமாட்டேன் என்று நினைத்தேன். அவ்வளவு காலத்துக்குப் பிறகு எனக்கு ஏதோ ஒன்றில் அடங்காத ஆசை வந்தது அப்போதுதான்.

கஜீவனின் தாய்தான் கதவைத் திறந்தா. என்னைக் கண்டு சிரித்துக்கொண்டு, "என்ன பிள்ளை, தனியா? வாங்கோ," என்றா. கஜீவனும் வந்து இருந்தான். மேசையில் முந்தின நாள் வெற்றிலைத் தட்டம் இன்னும் எடுக்காமல் இருந்தது. தேத்தண்ணி போட எழும்பின அவவை, இருங்கோ மாமி என்று சொல்லி, ஒரே மூச்சில் சொல்லிமுடித்தேன். கோஸ்டிக் சோடா, என் கண், குளிசை, அன்று காலைச் சிவப்பு, எல்லாம்.

தாய் வெற்றிலைத் தட்டத்தை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தா.

"அண்டைக்கு நான் நேராக் கேட்டனானே," என்றா தாய். "பிள்ளைக்கு ஒண்டும் இல்லைதானே எண்டு."

"ஓம் மாமி. கேட்டனீங்கள்."

"நீங்களும் அதிலதான் நிண்டனீங்கள்."

"நிண்டனான்."

"வாய் திறக்கேல்லை."

"திறக்கேல்லை மாமி."

கஜீவன் தாயைப் பார்க்காமல் என்னைக் கேட்டான். "அக்கா, இப்ப அவவுக்குப் பார்வை இருக்கோ?"

"இண்டைக்கு இருக்கு."

"அப்ப ஏன் இஞ்ச இருந்து கதைச்சுக்கொண்டிருக்கிறீங்கள்? கூட்டிக்கொண்டு போகவேணுமே. நில்லுங்கோ, நானும் வாறன்."

எழும்பிவிட்டான். போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். வாசல்வரை வந்து ஒரு காலில் செருப்பையும் மாட்டிவிட்டான்.

"தம்பி," என்றா தாய், இருந்த இடத்திலிருந்தே. "பொன்னுருக்கியாச்சு."

அவன் நின்றான். என் முகத்தைப் பார்த்தான், தாயைப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிப் பழையபடி சுவரோரம் வைத்தான். "நீங்கள் போங்கோ அக்கா," என்றான். "நான் போன் எடுக்கிறன்." நல்ல பெடியன்தான். நான் அவனைக் குறை சொல்லமாட்டேன். படி இறங்கும்போது கலியாணம் நடக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, "கல்கிசைக்குப் போய்ச் சொல்லிப்போட்டன்," என்றேன். அம்மா பலகாரப் பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டா. யது எழும்பிச் செருப்பைப் போட்டாள். அவளுக்கு நடக்கவேண்டியதெல்லாம் நடந்து முடிந்தமாதிரி ஒரு முகம். கீழே நாங்கள் ஓட்டோவில் ஏறினபோது அப்பா வீட்டில் கட்டின சாரத்தோடேயே படி இறங்கி ஓடிவந்து கறுப்புக் கண்ணாடியை யதுவின் கையில் கொடுத்தார். மூச்சு வாங்கியது அவருக்கு. லிஃப்ட் வேலை செய்யவில்லை.

"தம்பி, கொட்டாஞ்சேனைக்கு. கெதியாப் போங்க," என்றேன் ஓட்டோக்காரனிடம். கொம்பனித்தெருவில் அரைவாசி கட்டின மாடிகளுக்குக் கீழே வாகனங்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. யது கறுப்புக் கண்ணாடிக்குள் இருந்து மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுடைய போன் ஒரு தரமும் அடிக்கவில்லை. அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

டொக்டர் அவளை நாடியையும் நெற்றியையும் மெஷினில் வைக்கச் சொல்லி, நெடுநேரம் பார்த்தார். கிருமி இல்லை. உடம்பு தள்ளத் தொடங்கியிருக்கிறது, ஓரத்தில் பிடித்து உள்ளே நகர்கிறது, நடுவுக்கு இன்னும் போகவில்லை என்றார். கண்ணோரத்தில் ஊசி போட்டார், கையில் சேலைனோடு மருந்து ஏற்றினார், வேறு குளிசை எழுதினார். ஏன் நிற்பாட்டினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. செலீன் கேட்டாள். நான் சொன்னேன். அவள் தன் நெற்றியில் கை வைத்தாள்.

"கலியாணம் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே மாத்திக் குடுத்திருப்பமே மிஸ்," என்றாள்.

கொஞ்சம் பொறுத்து வந்து என் தோளைத் தட்டினாள். "பயப்படாதீங்க. உங்கட துண்டு ரெண்டும் உயிரோடதான் இருக்கு."

அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோசம் வந்தது. மறைக்க வேண்டியளவு சந்தோசம். யதுவுக்குச் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது, அவள் கண்ணை மூடியிருந்தாள்.

பின்னேரம் கஜீவனின் பெரியப்பா அப்பாவுக்குப் போன் எடுத்தார். கண் ஒரு பிரச்சினையே இல்லையாம். மறைத்ததுதான் மனதுக்குக் கஷ்டமாம். இப்போதைக்குத் தள்ளி வைப்போமாம், பிள்ளை சுகமாகட்டுமாம். எல்லாரும் இதைத்தான் சொல்லுவார்கள். மறைக்காமல் சொன்னவளுக்கு என்ன நடந்தது என்று அப்பா கேட்டிருக்கலாம். அவர் "சரி, சரி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, மண்டபக்காரனுக்கு எடுத்தார், பிறகு மேளக்காரனுக்கு, பிறகு சமையல்காரனுக்கு.

அம்மா அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பணியாரப் பெட்டியொன்றைத் திறந்து நடுவில் வைத்தா. வைத்துவிட்டு என்னிடம் சொன்னா: "தனக்கு நடக்கேல்லை எண்ட வயித்தெரிச்சல் உனக்கு. வேற என்ன." நான் ஒரு பணியாரம் எடுத்துத் தின்றேன். நன்றாக வந்திருந்தது.

கஜீவன் அடுத்த நாள் யதுவுக்குப் போன் எடுத்தான். கதவு சாத்தியிருந்தது, சிரிப்புச் சத்தம் வரவில்லை. அதற்குப் பிறகு அவன் எடுத்ததாகத் தெரியவில்லை. லீவு முடிந்து மெல்பேணுக்குத் திரும்பிவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். பல்கணியில் வாளிக்குள் நட்ட முள்முருக்கு துளிர் விட்டிருந்தது. பிடுங்குவதா விடுவதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

யது என்னோடு கதைக்காமல் விட்டாள். சண்டை இல்லை. அம்மாவோடு கதைத்தாள், அப்பாவோடு கதைத்தாள். என்னிடம் மருந்து விட மட்டும் வந்து இருப்பாள், தலையைப் பின்னுக்குச் சாய்ப்பாள், விட்டதும் எழும்பிப் போய்விடுவாள். அதையும் அம்மாவிடம் விடச் சொல்லியிருக்கலாம். அம்மாவுக்குக் கை நடுங்கும்.

போன கிழமை கொட்டாஞ்சேனையில் டொக்டர் பார்த்துவிட்டு, தெளிந்துவிட்டது என்றார். சுவரில் இருந்த எழுத்துக்களை வாசிக்கச் சொன்னார். யது இடக் கண்ணைப் பொத்திக்கொண்டு கடைசி வரிக்கு முதல் வரிவரை வாசித்தாள். செலீன் கை தட்டினாள். நான் சிரித்தேன். யது சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மருந்துப் போத்தலை எடுத்தேன். அவள் வழக்கமான கதிரையில் வந்து இருந்தாள். தலையைச் சாய்க்கவில்லை.

"அக்கா," என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு. "நீ ஆரின்ர கண்ணைக் காப்பாத்தினனி?"

"இதென்ன கேள்வி? உன்ர கண்ணைத்தான்."

"நான் சொன்னனான்தானே, போனால் போகட்டும் எண்டு. என்ர கண் எண்டால் நான் சொன்னதைக் கேட்டிருப்பாய்." அவள் குரலில் கோபம் இல்லை. கணக்குப் பார்த்து முடித்தவள்போல் சொன்னாள். "நீ காப்பாத்தினது உன்ர கண்ணை. அதை வைச்சிருக்கத்தான் நான் இருக்கிறன்."

அப்படியில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். தெகிவளைப் பாலத்துக்கு அங்கால் பஸ்ஸில் நான் நினைத்தது ஞாபகம் வந்தது. செலீன் தோளில் தட்டினபோது வந்த சந்தோசமும் ஞாபகம் வந்தது. அன்று முழுக்க யதுவின் கண் என்று நான் ஒருக்காலும் நினைக்கவில்லை. எனக்கு நெஞ்சுக்குள் நொந்தது. சயந்தன் போன் எடுக்காமல் விட்ட நாளிலிருந்து நோகாத இடம் அது.

"சொல்லன்," என்றாள் யது.

"ஓம்," என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டு கண்ணாலும் பார்த்தாள், ஒன்று தெளிவாக, மற்றது அரைகுறையாக. பிறகு கதிரையில் சரிந்து தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வலக் கண்ணைத் தன் விரலாலேயே விரித்துப் பிடித்தாள்.

"விடு," என்றாள். "நேரமாச்சு."